தகட்டில் இருந்த எட்டு இலக்கம்

மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கிறது. அதில் பொறித்த எண் 10132973. பத்தொன்பது வருஷமாக அந்த இயந்திரத்தில் நிற்கும் அக்காதான் அதைத் தம்பிக்குச் சொன்னாள். தம்பி கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். எண் என்றால் சோறு தண்ணீர் மறப்பான். அக்கா "என் தம்பிக்கு இருக்கிற மூளை" என்று ஆரம்பித்தாலே கூட வேலை செய்கிறவர்கள் மணி அடிக்கும் முன்பே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

டியூஷன் நடத்தும் வாத்தியார் அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பெரிய எண் ஒன்றைக் கையாலேயே ஆராய்ந்து, அது பகா எண்ணா, பகு எண்ணா என்று பிழையில்லாமல் எழுதி வந்தால், சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கும் வேலை அவனுக்கு. முதுகிலிருந்து மூட்டை இறங்கும்.

தம்பி தகட்டு எண்ணை எடுத்துக்கொண்டான். ஒற்றைப்படை. இலக்கங்களின் கூட்டுத்தொகை இருபத்தாறு, ஆகவே மூன்றால் வகுபடாது. பகா எண்ணா என்று தெரிய, அதன் வர்க்கமூலமான 3183 வரையுள்ள நானூற்றுச் சொச்சம் பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலை நூலகப் புத்தகத்திலிருந்து அக்கா எழுதித் தந்தாள், அச்சு மாதிரி. ஓரிடத்தில் நூலக முத்திரை விழுந்து ஓர் எண் மங்கியிருந்தது. மங்கிய எண்ணை ஊகித்து எழுதக் கூடாது, ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது லேபிள் பிரிவின் சட்டம். கட்டத்தைக் காலியாக விட்டாள். யாரிடமாவது கேட்டு நிரப்பலாம் என்றிருந்தவள், நல்ல பிரதி எடுக்கும்போது அந்த ஓட்டை கண்ணை உறுத்த, அடுத்த எண்ணை இழுத்து நெருக்கிவிட்டாள்.

நாலு மாதம் வகுத்தான். எதாலும் மீதியின்றிப் போகவில்லை. ஆனாலும் அவனுக்கு மனசு ஒப்பவில்லை. நான்கால் வகுத்தால் ஒன்று மீதி வரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகப் பிரிக்க முடிந்தே தீரும். இந்த எண்ணுக்கும் ஒன்றுதான் மீதி, ஆனால் பிரிக்க முடியவில்லை. இரண்டு முறை முழுசாகத் தேடிவிட்டான்.

"அக்கா, பட்டியல்ல ஏதாவது விட்டுப்போச்சா?"

"பத்தொன்பது வருஷத்துல என் கையில ஒரு லேபிள் மாறினதில்ல. உன் கூட்டலைப் பாருடா முதல்ல."

அவன் தன் கூட்டலையே சந்தேகப்பட்டான். பகா எண் என்று எழுதி எடுத்துப் போனான். பெருமையைப் பார்க்க அக்காவும் கூடப் போனாள்.

வாத்தியார் எண்ணைப் போனில் தட்டினார். மூச்சு விடும் நேரம்தான் ஆயிற்று.

"ரெண்டாயிரத்து இருபத்தேழால வகுபடுதேப்பா."

நோட்டைப் புரட்டினார். 2017க்கு அடுத்து 2029 நின்றது.

"கையெழுத்தை மட்டும் கண்ணுல ஒத்திக்கலாம். யாருது?"

"என்னோடதுதான் சார்," என்றான் தம்பி. அக்கா நோட்டை வாங்கி மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அவள் நோட்டின் ஓரத்தில் விட்டுப்போன எண்ணைக் குண்டு குண்டாக எழுதினாள். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

"எண்ணு பொய் சொல்லலக்கா. நான்தான் அதை விட்டுட்டு உன்னை நம்பினேன்."

மறுநாள் மூட்டை இறக்கப் போனான். அக்காவோடு வேலை செய்கிறவர்கள் இப்போதெல்லாம் மணி அடித்த பிறகுதான் டீ குடிக்கப் போகிறார்கள்.