தவறு எங்களுடையது

ஆராய்ச்சிப் பத்திரிகையில் துணை ஆசிரியர் வேலை என்றால், படித்தவர்கள் செய்த தப்பைப் படித்தவர்களிடமே போய்ச் சொல்கிற வேலை. இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் பாடு புரியும்.

இரண்டாம் உலக யுத்த காலம். திருத்தணியில் கல்வெட்டு ஆராய்ச்சிக்கென்று ஒரு காலாண்டிதழ். ஆசிரியர் தேவதாசன், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். அவருக்குத் துணையாக நான், எஸ்தர்.

முதல் வாசகர்

பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து முனிரத்தினம் என்றொரு விவசாயி எங்கள் இதழோடு வந்து நின்றார். அவர் ஊரைக் கீழூர் என்றும், பக்கத்து ஊரை மேலூர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே கால்வாய். அதன் தண்ணீர் முழுக்க மேலூருக்கே சொந்தம் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்வதாக, சென்னைப் பேராசிரியர் ஒருவர் எங்கள் இதழில் எழுதியிருந்தார். ‘நேரில் போய்ப் படியெடுத்தேன்’ என்றும் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைத் தாலுகா ஆபீசில் காட்டி, மேலூர்க்காரர்கள் மதகை அடைத்துவிட்டார்களாம். கீழூரில் நாற்று காய்கிறது.

“பாதிக் கல்லு மண்ணுல பொதைஞ்சிகினு கீதும்மா. அவரு எப்டி முழுசா படிச்சாரு?”

கல்லைப் பார்த்த அன்று

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸில் புறப்பட்டு, மிச்ச தூரம் நடந்தேன். முனிரத்தினம் மண்ணைத் தோண்டினார். அடியில் நான்கு வரி, தெலுங்கில். ஈரக் காகிதத்தை ஒற்றி, மசி தடவிப் படியெடுத்தேன். மேலூர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். இருந்தாலும் உரக்கப் படித்தேன்: மேலூருக்கு மூன்று நாள், கீழூருக்கு மூன்று நாள்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒரு பெண் மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“நாங்க பொய் சொல்லலம்மா. அச்சுல வந்துக்கீதேன்னு நம்பினோம்.”

பேராசிரியர் வந்தார்

எங்கள் கடிதம் கிடைத்ததும் அவரே ரயிலேறி வந்துவிட்டார். “என் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறீர்களா?” என்று வாசலிலேயே சத்தம். தேவதாசன் மசிப்படியை மேஜையில் விரித்தார். பேராசிரியர் குனிந்து பார்த்தார்.

பிறகு மெல்லச் சொன்னார். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டதாம், திரும்பிப் போய்விட்டாராம். யாரோ கொடுத்த மேல் வரிகளை வைத்துக்கொண்டு, மிச்சத்தை அவரே ஊகித்து எழுதியிருக்கிறார். “அச்சுப்பிழை என்று போட்டுவிடலாமே, சார்?” என்று கெஞ்சலாகக் கேட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தேவதாசன் விடவில்லை.

“அச்சுக் கோத்தவர் ஒரு எழுத்துகூடத் தப்புப் பண்ணலை, சார். நீங்க எழுதினதை அப்படியே கோத்திருக்கார்.”

ஒரு வாக்கியம்

பேராசிரியர் கையெழுத்திட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அடுத்த இதழ் அச்சுக்குப் போகிற வாரம் அது; காகிதக் கட்டுப்பாட்டில் இதழே மெலிந்திருந்தது. தேவதாசன் தம் சொந்தக் கட்டுரையை எடுத்துவிட்டு, அறிவிப்பை முதல் பக்கத்தில் போடச் சொன்னார்.

எங்கள் பங்குக்கும் ஒரு வாக்கியம் வேண்டும். மசிப்படி எங்கே என்று கேட்காமலே அந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பியவள் நான்தானே? ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதினேன். தேவதாசன் அதைப் பேனாவால் அடித்தார். ‘தவறு ஏற்பட்டது’ என்று மாற்றினேன். அதையும் அடித்தார்.

“தானா ஏற்பட இது என்ன மழையா, எஸ்தர்? நாம பண்ணினது.”

மறுபடியும் அதே கல்

அந்த முதல் பக்கத்தைத் தாலுகா ஆபீசில் ஏற்றுக்கொண்டார்கள். மதகு திறந்தது. பாதி நாற்று பிழைத்தது. மீதிக்கு மேலூர்க்காரர்களே விதை கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் பேராசிரியரிடமிருந்து கடிதம்: கல்லை நேரில் பார்த்து எழுதினால் போடுவீர்களா? தேவதாசன் உடனே வரச் சொன்னார். நானும் கூடப் போனேன். பேராசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் முழங்காலிட்டுக் காகிதத்தை ஒற்றினார். தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த முனிரத்தினம் பணிவாகச் சொன்னார்:

“சார், இந்த வாட்டி கீழ் வரிலேர்ந்து ஆரம்பிங்க.”

பிழையே இல்லாத பத்திரிகை நடத்த எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் உண்டு: அதை யாரும் படிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.