எதிர் நாற்காலி

ஜூன் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டி நிறைய இருபத்திரண்டு நிமிடம் ஆனது. இட்லி மூன்று. ஊரப்பாக்கம் நிலையத்தில் வண்டி ஆறு நிமிடம் தாமதம். பொத்தேரியில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேட்டைச் சரிபார்த்தேன். மாலை ஐந்து பத்துக்குக் கிளம்பி, மற்றச் செவ்வாய்க்கிழமைகளைப் போலவே ஊரப்பாக்கத்தில் இறங்காமல் தாம்பரம் வரை போனேன். டைரியில் அந்த நாளுக்கான பக்கத்தில் இதுவரைக்கும் கையெழுத்து நேராக இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளதை நானே சிரமப்பட்டுத்தான் படிக்க வேண்டும்.

தாம்பரம் மேற்கில், ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே, எங்கள் அமைப்புக்கு இரண்டு அறைகள். அக்கம்பக்கத்துச் சண்டைகள் காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் போவதற்கு முன்னால் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைப்பது எங்கள் வேலை. செவ்வாய், சனி மாலைகளில் அமர்வு. யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் குறிப்பெழுதுபவன். அமர்வை நடத்துபவரை எல்லோரும் சூப்பர்வைசர் அக்கா என்றுதான் அழைப்போம். சானடோரியம் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் இருநூறு தையல் மெஷின்களை மேய்த்தவர். அங்கே தினமும் நூல், ஊசி, டாய்லெட் இடைவேளை என்று மூண்ட சண்டைகளை நின்றபடியே தீர்த்துவைத்த பழக்கம். எங்களிடம் வந்த பிறகும் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

அவருடைய முறை எளிமையானது. எதிராளி சொன்னதை முதலில் நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமா, அதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உங்கள் பதிலுக்கு இடம். கேட்க லேசாக இருக்கும். குப்பைத் தொட்டி வைக்கும் இடத்துக்காக வந்த இரண்டு கடைக்காரர்கள் முதல் வாக்கியத்தைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆனது. "அவரு சொன்னத சொல்லுய்யா, நீ நெனச்சத இல்ல. உன் நெனப்ப வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்று அக்கா அதட்டியதும், திட்டிக்கொண்டிருந்த இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் தனியாக வந்து பேசுவதை உதிரித் தாளில்தான் குறிக்க வேண்டும். அடுத்த முறை அவர் வரும்போது, கூட்டு அமர்வு தொடங்குவதற்கு முன், பக்கத்து அறையில் அவர் கண்ணெதிரே அக்கா அந்தத் தாளைக் கிழிப்பார். துண்டுகளை அவர் கையிலேயே கொடுப்பார். "உன் சொல்லு, உன் கையில. போற வழியில எங்கனா போட்டுடு" என்பார். அந்தத் துண்டுகளைக் கைப்பையில் பத்திரமாக மூடிக்கொண்டு போன பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு உதிரித் தாள் பிடிக்காது. அது பறக்கும், மடங்கும், வரிசை தப்பும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதையும் கூட்டு அமர்வுக் குறிப்பு எழுதும் அதே நோட்டில் தேதி, நேர வரிசைப்படி படியெடுத்துவிட்டு, செவ்வாயன்று உதிரித் தாளை அக்காவிடம் கொடுப்பேன். யாரிடமும் காட்டியதில்லை. தவறு செய்கிறேன் என்றும் தோன்றியதில்லை. ஒழுங்காக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அன்றைய வழக்கு எங்கள் ஊரப்பாக்கத்திலிருந்தே வந்தது. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடி. முதல் மாடியில் ஓய்வுபெற்ற பேங்க் சார். தரைத்தளத்தில் ஓர் இளம் தம்பதி. கணவன் வண்டி உதிரிபாகம் விற்கிறவன், மனைவிக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. பதினோரு மாதத்துக்கு முன் பேங்க் சார் காரைப் பின்னால் எடுக்கும்போது அவர்களுடைய ஐந்து வயதுப் பெண்ணின் கால் முறிந்தது. கால் கூடிவிட்டது. பேச்சு கூடவில்லை. படியில் செருப்பு, மாடியில் துணி, தண்ணீர் வால்வு என்று தினமும் ஒன்று. குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது, கண்மூடித்தனமாக வண்டியை எடுத்தார் என்பது கணவனின் குற்றச்சாட்டு. அவன் கோபம் முழுவதும் அந்தக் கையின்மேல் நின்றுகொண்டிருந்தது.

முந்தின சனிக்கிழமை கூட்டு அமர்வு முடிந்ததும் குழந்தையின் அம்மா தனியாகப் பேச வேண்டும் என்றாள். பேசினாள். நான் உதிரித் தாளில் எழுதினேன். செவ்வாயன்று அக்கா அதைக் கிழித்துக் கொடுத்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைக் கவனித்தேன். அரை மணி நேரம் கழித்து, பொது அறையில், சனிக்கிழமை கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று ஆண்கள் இருவருக்கும் வாக்குவாதம்.

"நான் உங்கள குருடன்னு சொல்லவே இல்ல சார்."

"சொன்னீங்க தம்பி. காது எனக்கு நல்லாவே கேக்கும்."

"சண்ட எதுக்கு? எழுதி வெச்சிருக்காரு இல்ல. சார், படிங்க" என்றார் அக்கா என்னிடம்.

நோட்டைப் பிரித்துப் படித்தேன். நான் படிக்கும்போது எழுத்து விடுபடாமல் படிப்பேன், பொருளைப் பிறகுதான் பார்ப்பேன். பதிவேடுகளோடு இருபத்தாறு வருடம் இருந்தால் அப்படித்தான் ஆகிவிடும். கூட்டு அமர்வின் கடைசி வரி பக்கத்தின் அடியில் முடிந்தது. பக்கத்தைத் திருப்பினேன். நேர வரிசைப்படி அடுத்த பதிவு. அதையும் அதே குரலில் படித்தேன். "அப்போது நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பாப்பா கையை விட்டுப் போனது எனக்குத் தெரியவே தெரியாது. இதை வீட்டில் சொல்லவில்லை."

மூன்று வாக்கியம். நான்காவதில்தான் நின்றேன்.

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். இத்தனை மாதம் பழி சுமந்த பேங்க் சார் ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். அவர், "தம்பி, பின்னாடி போங்க. ரோடுல தனியா போறாங்க" என்றார். கணவன் அசையவில்லை. அக்காதான் ஓடினார். பத்து நிமிடம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்து இரண்டு ஆண்களையும் அனுப்பிவைத்தார்.

நான் ராஜினாமா சொல்லத் தயாராக நின்றேன். அக்கா நோட்டை வாங்கி இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"ஒரு எழுத்து தப்பில்ல சார். எங்க கம்பெனில ஒருத்தன் இருந்தான். தையல் போட்டான்னா நூல் புடிச்சா மாதிரி நேரா இருக்கும். ஆனா சட்டைக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கமா தெச்சி வெச்சிருப்பான்."

சிரிக்கத்தான் சொன்னார் போலும்.

"நான் மன்னிப்புக் கேட்டுடறேன் அக்கா."

"மன்னிப்பு இன்னாத்துக்கு? அது உனக்கு நிம்மதி. அவளுக்கு இன்னா கீது அதுல?" முதன்முறையாக என்னிடம் ஒருமையில் பேசினார். "இந்தக் கேஸ்ல இனிமே நீ குறிப்பெழுதறவன் இல்ல. நீயும் ஒரு பார்ட்டி. அவளுக்கு எதிர் நாற்காலில நீதான். அவ சொல்றத வாங்கி, திருப்பிச் சொல்லு. ஆமான்னு அவ சொல்ற வரைக்கும் ஓயாத."

"அவங்க இங்க இனிமே வருவாங்களா?"

"வரமாட்டா. நீ போ."

அதன் பிறகு பல வருடம் அக்கா இந்த விஷயத்தைப் பேசியதே இல்லை. ஆனால் ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் என் மேஜையைக் கடக்கும்போது, "சார், கை ரெண்டும் ரெண்டு பக்கமா கீதா?" என்று கேட்பார். புதிதாக வந்தவர்களுக்குப் புரியாது. நான் ஒவ்வொரு முறையும் அன்றைய பக்கத்தைத் திறந்து சரிபார்ப்பேன். அக்கா போன மழைக்காலத்தில் இறந்துபோனார். இப்போது அமர்வுகளைப் போனிலேயே பதிவு செய்கிறார்கள். ஒருநாள் தவறான பதிவு தவறான வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டெலிட் பண்ணிடலாம் சார் என்றார்கள்.

பேங்க் சார் அங்கேயேதான் இருக்கிறார். காரை எடுக்கும்போது மனைவியைப் பின்னால் நிறுத்திக் கை காட்டச் சொல்கிறார். அந்தத் தம்பதி ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். ஒரே ஒரு முறை, வண்டலூர் நடைமேடையில் மூவரையும் ரயிலிலிருந்து பார்த்தேன். குழந்தை முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த இருவரும் பேசிக்கொண்டார்களா, சும்மா சேர்ந்து நடந்தார்களா என்று தெரிவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மறைமலை நகர் வரை என்னால் உட்கார முடியவில்லை. நான் இறங்க வேண்டிய ஊர் தாண்டியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், ஜூன் பதினைந்து. எழுந்ததும் மோட்டார் போடவில்லை. முகம் கழுவியதும் நேராக அந்த அடுக்குமாடிக்குத்தான் போனேன். அவள் கேட்டுக்கு வெளியே பால் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"என்ன சார், விட்டுப்போனது ஏதாவது இருக்கா படிக்க?"

"இல்லம்மா. நீங்க சொல்றத கேக்க வந்தேன்."

உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "அவர் ராத்திரி ஒரு வார்த்தை கேக்கல. திட்டியிருந்தா பரவால்ல. நானே சொல்லணும்னு பதினோரு மாசமா ஒரு நேரம் பாத்துட்டிருந்தேன். இந்த ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்."

"நீங்களே சொல்லணும்னு பதினோரு மாசமா ஒரு நேரம் பாத்துட்டிருந்தீங்க. இந்த ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு இருந்தீங்க" என்றேன், ஒரு சொல் மாறாமல்.

"இல்ல" என்றாள்.

மறுபடி சொன்னேன், அவர் திட்டாததையும் சேர்த்து. இல்ல என்றாள். மாடியில் பேங்க் சார் வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. எழுதியெடுக்கக் கையில் ஒன்றும் இல்லை.

"அத நீங்கதான் அவர்கிட்ட சொல்லியிருக்கணும். நான் சொல்லிட்டேன். இனிமே அத நீங்க சொல்லவே முடியாது" என்றேன்.

அவள் பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.