பின்னாலிருந்து எண் சொல்லும் ஷேர் ஆட்டோ

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மூளையை அளந்து, மக்குப் பிள்ளைகளைத் தனி அறையில் தள்ளப் போகிறார்களாம். கோவிலம்பாக்கத்து நாத்தனாரிடம் யாரோ சொன்னதைத் தினமும் ஏறும் காமு கொண்டுவந்து இறக்கிய இடம், தாம்பரத்துக்கும் மாடம்பாக்கத்துக்கும் ஓடும் சரசுவின் ஷேர் ஆட்டோ.

சரசு சடாரென்று பிரேக்கை மிதித்தாள். அவள் மகள் வெண்ணிலா ஐந்தாம் வகுப்பு. ஊர்க்கதையைக் கைகால் ஆட்டி அட்டகாசமாகச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தாலோ, ஒரு வரியை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் பறந்துவிடும்.

"இன்னா டெஸ்ட்டுக்கா அது?"

"மேடம் நம்பருங்க சொல்வாங்களாம். கொயந்த கடசீலேர்ந்து திருப்பிச் சொல்லணுமாம்."

"இவ்ளோதானா? என் பொண்ணுக்கு நான் ட்ரெய்னிங் தரேன் பாரு!"

மறுநாளே ஆட்டோவில் புதுச் சட்டம் வந்தது. ஏறுகிறவர் ஆளுக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். அம்மா பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வெண்ணிலா அத்தனையையும் கடைசியிலிருந்து ஒப்பிப்பாள்.

"ஏழு!" என்றார் பூக்கடை சம்பந்தம்.

"அண்ணா, நேத்தும் ஏழு, இன்னிக்கும் ஏழா? மாத்துண்ணா!"

"எனக்குப் புடிச்ச நம்பரை நான் சொல்றேன், உனக்கு இன்னாம்மா பேஜாரு?"

காமு மூன்று என்றாள், கல்லூரிப் பையன் ஒன்பது என்றான். வெண்ணிலா ஒன்பது, மூன்று, ஏழு என்று திருப்பிப் போட, வண்டியே கைதட்டியது. செம்பாக்கம் ஏரி போனதே தெரியவில்லை. இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் மாடம்பாக்கம் வரை வந்து, சிரித்துக்கொண்டே திரும்பினார்கள்.

சோதனை முடிந்ததும், அதை நடத்திய ஈவ்லின் மேடம் சரசுவைக் கூப்பிட்டனுப்பினார்.

"வெண்ணிலா அம்மா, உங்க பொண்ணுக்கு ஞாபகசக்தி பிரமாதம். எங்க உதவி வகுப்பு அவளுக்குத் தேவைப்படாது."

"உதவி வகுப்பா? இன்னா மேடம் அது?"

"கேட்டதை மனசுல நிறுத்தக் கஷ்டப்படுற பிள்ளைங்களுக்குத்தான். சின்ன அறை, நாலஞ்சு பேர், படம் போட்டு, விளையாட்டா வாசிக்கக் கத்துக்குடுப்போம். இன்னிக்குச் சாயங்காலம் பேர் முடிவு பண்ணிடுவோம்."

சரசு தலையை ஆட்டிவிட்டுப் பறக்கிற மாதிரி வெளியே வந்தாள். காமு, சம்பந்தம் என்று வழக்கமான ஆட்கள் ஏறி வண்டி கிளம்பிய பிறகுதான் மகளைக் கேட்டாள்.

"எப்டிடீ சொன்னே?"

"நம்ம வண்டிய நெனச்சுகினேன்மா. ஒவ்வொரு நம்பரையும் ஒரு ஆள் மூஞ்சில ஒட்டிட்டேன். பின்சீட்லேர்ந்து படிச்சுகினே வந்தேன். ஆனா மேடம் கத சொல்லிக் கேள்வி கேட்டாங்களே, அப்ப கொஞ்சம் உளறிட்டேன்."

சிரிப்பும் திகிலும் சேர்ந்து வந்தன சரசுவுக்கு.

"அய்யய்யோ! கெடைக்கவேண்டிய கிளாஸை நானே கெடுத்துட்டேனே!"

"நீயா? நம்ம எல்லாருந்தான்," என்றார் சம்பந்தம். "என் ஏழுக்கும் அதுல பங்கு கீது. போன் போடும்மா, போடு!"

"இன்னான்னு சொல்றது?"

"வண்டியே சேந்து காப்பியடிச்சுதுன்னு சொல்லு," என்றாள் காமு. "மறுபடி டெஸ்ட் வைக்கச் சொல்லு. நாங்க வாயே தொறக்க மாட்டோம், சத்தியமா!"

வெண்ணிலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "படம் போட்டுத் தருவாங்களாம்மா? நான் போறேன்மா, அந்த ரூமுக்கு!"

ஏரிக்கரையில் ஆட்டோவை ஓரங்கட்டி, மேடத்துக்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டாள் சரசு. வண்டியே போனுக்கு மேல் குனிந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"எடுங்க மேடம், எடுங்க," என்று முணுமுணுத்தாள் சரசு.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.