அத்தானின் பெட்டிக்குப் பாதி வாடகை

என் கணவருக்குப் பென்சன் நிறுவனங்கள்மீது நம்பிக்கை கிடையாது. இருவரும் உழைத்துச் சேர்த்த பென்சன் காசை, பெரிய வரியையும் கட்டி முன்கூட்டியே வெளியில் எடுத்து, தங்கக் கட்டிகளாக வாங்கினார். என்னுடையதையும் சேர்த்துத்தான். வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். "உமக்கு இது விளங்காது" என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்கு எதுவும் விளங்குவதில்லை, அவர் கணக்கில்.

தமிழர் வீடென்றால் தங்கம் இருக்கும் என்று டென்மார்க்கில் கள்ளருக்கும் தெரியும். வீட்டில் வைக்கப் பயம். ஆகவே ஒரு மாரி முழுதும் எங்கே வைப்பது மலிவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒடென்சேயில் வங்கிப் பெட்டிக்கு வருட வாடகை, காப்புறுதி தனி. கொப்பன்ஹேகனில் தனியார் பெட்டகம், காப்புறுதியோடு. ஆனால் வாடகை கூட, போய்வரக் கடல் பாலத்துக்கும் சுங்கக் காசு. இன்னொரு நிறுவனம் வெளிநாட்டில் வைத்துக் காக்குமாம். தங்கத்தின் பெறுமதியில் வருடாவருடம் ஒரு வீதம், விலை ஏறினால் கூலியும் ஏறும். "பகல் கொள்ளைக்காரர்!" என்று கத்துவார். முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைப் புரட்டிப் புரட்டி இடுப்பு முறிந்து வந்து சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருக்கிற எனக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டுவார். அந்தக் கோப்பையை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது என் பொறுமை.

கடைசியில் வழி பிராண்டேயிலிருந்து வந்தது. அங்கே என் அக்காவின் கணவர், என் அத்தான், வங்கியில் பெட்டி வைத்திருந்தார். அதில் பாதி வெறுமையாம். பாதி வாடகை கொடுத்தால் போதுமாம். லொத்தர் விழுந்ததுபோல் என்னவர் துள்ளினார்.

"ஒரு துண்டாவது எழுதி வாங்குங்கோ" என்றேன்.

"உம்மட சொந்த அத்தானிட்டைக் கையெழுத்துக் கேக்கிறதோ? வெக்கமில்லையே உமக்கு?"

எங்கள் சனத்துக்குச் சொந்தத்துக்குள் எழுத்துக் கேட்பது செருப்பால் அடிப்பது மாதிரி. கட்டிகள் அத்தானின் பெட்டிக்குள் போயின. பகிர்வதை வங்கிக்குச் சொல்லவும் இல்லை. வருடாவருடம் நத்தார் பண்டிகைக்குப் போய், வாடகையில் பாதியை அத்தானின் கையில் வைத்துவிட்டு வருவார்.

போன இலையுதிர் காலத்தில் அத்தான் வேலைத்தலத்தில் விழுந்து இறந்துபோனார். சவப்பெட்டி குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே என்னவர் என் காதுக்குள், "அக்காவிட்ட ஒருக்காக் கேளுமன்" என்றார். "வாயைப் பொத்துங்கோ" என்றேன். ஆனால் அழுதுகொண்டு நான் நினைத்ததும் அதைத்தான். வங்கிக்குப் போனோம். இறந்தவரின் வாரிசோடு மட்டும்தான் கதைப்போம் என்றார்கள். கட்டிகளை வாங்கியதற்குக் கடையில் அத்தாட்சி எடுக்கலாம். அத்தானின் பெட்டிக்குள் வைத்ததற்கு யார் தருவார்?

நினைவுச் செபத்தன்று அக்காவைக் குசினிக்குள் பிடித்தோம். கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தங்கம்? பெட்டி என்ர மனுசன்ர பேரில. உள்ளுக்கிருந்ததும் அவரின்ர. எனக்கும் வயசு போகுது."

"அக்கா, உங்களுக்குத் தெரியும்" என்றேன். "என்ர பென்சனும் அதுக்குள்ளதான்."

கத்தியைத் துடைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் வருசா வருசம் பாதி வாடகை தந்தனான்" என்று என்னவர் கெஞ்சினார்.

"அவரிட்டைத்தானே தந்தனீங்கள்? அவரிட்டையே போய்க் கேளுங்கோ. புதைச்ச இடம் தெரியும்தானே?"

வரவேற்பறையில் பாஸ்டர் செபத்தைத் தொடங்கிவிட்டார். அக்கா கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு, கண்ணீரை வரவழைத்துக்கொண்டு போனாள். பாவி! ஒரு தாய் வயிற்றில்தான் இரண்டு பேரும் பிறந்தோம்.

வரும் வழியில் காரை ஓட்டியபடி இவர் விம்மினார். "வயசுபோன காலத்தில என்ன செய்யப் போறம்? ரெண்டு பேரும் எப்பிடிச் சீவிக்கிறது?"

"ஒராள் என்டால் சீவிக்கலாம்" என்றேன். "நீங்கள் முந்திப் போங்கோ."

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரிப்பேன் என்று காத்திருந்தார். நான் சிரிக்கவில்லை.