மருதி ஆட்டிய வெறுந்தொட்டில்

காலை ஐந்தே முக்காலுக்குக் கிணத்துக்கடவில் பஸ் ஏறினோம், நானும் என் மனைவி சரசுவும். எங்கள் பெண் குழந்தை பிறந்த இருபத்தோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பின் நான்கு மாதமாகச் சரசு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, குழந்தையைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. ஆனைகட்டிப் பக்கம் மருதி என்ற இருளர் பெண் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறாள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவளிடம் போய் வந்தால் மனம் தேறுகிறது என்று ஊர் நர்ஸ் சொன்னார். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸில் காந்திபுரம். அங்கிருந்து ஆனைகட்டி முப்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய். தடாகத்தில் செங்கல் சூளைப் புகை. மாங்கரை தாண்டியதும் காற்று குளிர்ந்தது.

"பாருங்க, ஆனை மரத்தை முறிச்சுப்போட்டுப் போயிருக்குது" என்றார் கண்டக்டர். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. சரசு மட்டும் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்கு மருதியின் வீட்டைக் கண்டுபிடித்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் வந்த காரணத்தைச் சொன்னதும், இடுப்பிலிருந்த கைக்குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு, உத்தரத்தில் தொங்கிய சேலைத்தொட்டிலை வெறுமனே ஆட்டத் தொடங்கினாள்.

"வெறுந்தொட்டிலை ஆட்டாதீங்க, ஆகாதுங்க" என்று பதறிவிட்டேன். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த கையோடு எங்கள் தொட்டிலை அவிழ்த்தவன் நான்.

மருதி கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க சனமும் அப்படித்தானுங்க சொல்லுச்சு. எம்பட மூத்தது போனப்போ தொட்டிலைத் தொட உடல. கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. ஒருத்தரும் இல்லாதப்போ ஆட்டுனேன். அப்பத்தானுங்க மொதப் பாட்டு வந்துச்சு."

பிறகு பாடினாள். இருளர் பேச்சு, எனக்குப் பாதிதான் புரிந்தது. தூங்கு என்ற சொல்லே அதில் இல்லை. எந்தப் பள்ளம் தாண்டிப் போனாய், அங்கே எந்த மரத்து நிழல் உனக்கு என்று குழந்தையிடம் விசாரிக்கும் பாட்டு. நடுவில் நிறுத்தி, "நீ ஆட்டு கண்ணு" என்று தொட்டிலைச் சரசுவிடம் விட்டாள்.

சரசு வெகுநேரம் ஆட்டினாள். அழவில்லை. வந்தது வீண் என்றே நினைத்துக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

மாங்கரை இறக்கத்தில் சரசு கேட்டாள்: "ஏனுங்க, நம்ம தொட்டில் சேலையை என்ன பண்ணுனீங்க?"

"பீரோ மேல பொட்டியில இருக்குது."

"தொவைச்சுப்போட்டீங்களா?"

"இல்ல அம்மணி. பால் வாசம் அப்படியே இருக்குது."

அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பஸ் முழுதும் திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊர் சேர்ந்தோம். முன்பு தொட்டில் தொங்கிய கொக்கி எங்கள் வீட்டு உத்தரத்தில் அப்படியே இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறிச் சேலையைக் கட்டினேன். முதலில் ஆட்டியது நான்தான்.