பால்கோவா வீட்டில் நீலச் சீஸ்

பூசணம் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் மெதுவாகத்தான் சொல்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டிப் பிழைக்கிற குடும்பம். எதிலாவது ஒரு புள்ளி தெரிந்தால் போதும், பாத்திரத்தோடு அது வெளியே போய்விடும். அப்படிப்பட்ட வீட்டுக்குள், வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி ராஜபாளையம் போய், பூசணம் ஓடிய சீஸைக் காசு கொடுத்து வாங்கி வந்தவள் நான்.

எல்லாம் என் மூக்கால் வந்த வினை. மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பால்கோவா கிண்டுகிறவளுக்குக் கை இரண்டாம்பட்சம்தான். பால் அடிப்பிடிக்கப் போகிறது என்பதை மூக்குத்தான் முதலில் சொல்லும். கண்ணுக்குத் தெரிகிறபோது காரியம் கெட்டிருக்கும். இருபது வருஷமாக அந்த அடுப்பு என்னுடையது. காய்ச்சல் விட்டு அடுப்பில் நின்ற முதல் நாளே ஒரு வாணலி பால் தீய்ந்தது. நான் ஒன்றும் தெரியாமல் துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தேன். முன்பக்கக் கடையிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்து விறகை வெளியே இழுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கொஞ்ச நாளைக்கு நான் கிண்டுதேன். நீ பொட்டலம் போடு" என்றார். "தை வரைக்கும் பாப்போம். சரியாகலன்னா வேற மாஸ்டரத்தான் வைக்கணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அடுப்பில் வேறொரு ஆளா? விடுவதாக இல்லை.

நெடியுள்ள எதையாவது தினமும் முகர்ந்துகொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். இரண்டாவதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெருங்காயம், கருவாடு, சூடம் என்று ஒன்று மாற்றி ஒன்றை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தேன். வெறும் காற்றுத்தான் போய் வந்தது.

ராஜபாளையத்தில் ஒரு பாய் கடை இருக்கிறது. வெண்ணெய், சீஸ், ஆலிவ் காய், டின்னில் அடைத்த மீன் எல்லாம் கிடைக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர்கள்தான் அவருக்கு வாடிக்கை. பக்கத்துக் கடைக்கு அட்டைப்பெட்டி வாங்கப் போனவள், அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் நீலமாக நரம்போடிய ஒரு கட்டியைப் பார்த்துவிட்டேன். பழக்கதோஷம் சும்மா இருக்க விடவில்லை.

"பாய், சரக்கு கெட்டுப்போச்சே, எடுத்துப் போடக் கூடாதா?"

அவர் சிரித்தார். "அந்தப் பூசணத்துக்குத்தான்க்கா காசே. நாத்தத்துல இத மிஞ்ச எதுவும் கெடையாது."

நாற்றம் என்றதும் நின்றுவிட்டேன். கத்தி முனையில் துளி எடுத்துக் கொடுத்தார். "ஒடனே முழுங்கிராதீங்க. வாய மூடிக்கிட்டு மூக்கு வழியா மூச்ச விடுங்க."

நாக்கில் உப்பு தெரிந்தது. அப்புறம் மூக்கின் அடியில் ஒரு சுருக். வாசனை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு மாதத்தில் என் மூக்குக்கு எட்டிய முதல் சேதி அது. அங்கேயே ஒரு துண்டு வாங்கினேன்.

அதற்குப்பின் ஒவ்வொரு வாரமும் ஒரு புது வகை. ஒன்று வெண்ணெயாக இழைந்தது, இன்னொன்று தொட்டாலே உதிர்ந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு துண்டு. மருந்து மாதிரி வேளை தவறாமல். வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி நிற்பார்.

"ஏட்டி, எம்புட்டு நாறுது! இத வாய்லயா வைக்க?"

"ஒங்களுக்கு நாறுதுல்ல? எனக்கும் நாறணும்."

மார்கழி பாதி போய்விட்டது. சுருக் மட்டும் வந்தது, வாசனை வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பாய் புதிதாக ஒன்றை எடுத்து வைத்தார். "ஆட்டுப்பால்ல செஞ்சது. இதுலயும் தெரியலன்னா, இதுக்கு மேல எங்கிட்ட சரக்கு இல்லக்கா."

கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். அன்று சாயங்காலம் சேத்தூரிலிருந்து மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, வந்தார். சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மறுநாள் காலையில் அரைத் தூக்கத்தில், பார்க்காமலே சீஸை எடுத்து வாயில் போட்டேன். வாயை மூடி மூச்சை விட்டேன். லேசாக உப்பு. அவ்வளவுதான். அந்தச் சுருக் கூட இல்லை. இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு. இருந்ததும் போய்விட்டது. முன்பக்கம் போய், "மாஸ்டர வரச் சொல்லிருங்க" என்றேன். வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனைத் தேடினார்.

திரும்பி அடுக்களைக்குள் வந்தால், மதினி தட்டில் மிச்சமிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருந்துச்சா? ராத்திரி பாத்தேன், கட்டி பூராம் பூசணம். நீ பாத்தா சங்கடப்படுவேன்னு, நானே கத்திய வச்சுத் தோண்டி எடுத்துட்டு, தண்ணில அலசி, நல்லத மட்டும் வச்சேன்."

"எங்க போட்டீய மதினி?"

"கொல்லைல, குப்பை வாளிலதான்."

ஓடினேன். வாளிக்கு முன்னால் மண்டிபோட்டு, வெங்காயத் தோலையும் காபிச் சக்கையையும் விலக்கினேன். நீலமும் வெள்ளையுமாக உதிரிகள் கிடந்தன. ஒன்றை நசுக்கி மூக்கருகே கொண்டுபோனேன்.

ஆடு. மழையில் நனைந்து வந்த ஆட்டின் வாடை. அது அடங்கியதும், மெல்லிசாக, காபி. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். என்னவோ ஏதோ என்று மதினி பதறினார். வீட்டுக்காரர் காதில் போனோடு வந்து நின்றார்.

"போன வைங்க. மத்தியான வாணலிக்கு நான்தான் நிப்பேன்."

அவர் துடுப்பை விட்டுக்கொடுக்கவில்லை. கூட நின்றுகொள் என்றார், அவ்வளவுதான். நின்றேன். பால் வாசனை வரவில்லை. இன்றைக்கும் முழுசாக வரவில்லை, அது வேறு விஷயம். பால் சுண்டிக்கொண்டே வந்தது. ஆவிக்குள் முகத்தை நீட்டியபடியே இருந்தேன். திடீரென்று, நூல் மாதிரி, ஒரு கருகல்.

"தீய இழுங்க."

"ஒண்ணும் ஆகலியே?"

"இழுங்கன்னா!"

விறகை இழுத்துவிட்டு, துடுப்பால் வாணலியின் அடியைச் சுரண்டினார். வெள்ளைப் பாலுக்குள்ளிருந்து பழுப்பாக ஒரே ஒரு இழை மேலே வந்தது.  பிறகு துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போய், பொட்டலம் போடுகிற மேஜையில் உட்கார்ந்தார்.