பேஷண்டுக்குத்தான் கேக்கறேன்

எடைமேடையில் உப்பு லாரி ஏறி நின்றதும் தட்சணாமூர்த்தி டிரைவர் பக்கத்துக் கதவைத் தட்டுகிறார். "அண்ணே, வடக்க லோடு அடிச்சிருக்கீங்களா? அங்க கஞ்சா எலைய அரைச்சி பாங்குன்னு விக்கறாங்களாமே, அந்தக் கடைக்கி கவர்மெண்டே லைசென்ஸ் குடுக்குதாமே, மெய்தானா?" தெரியாது என்றால் அடுத்த லாரி. தெரியும் என்று சொல்லிவிட்டாலோ போச்சு. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, கடை எந்த ஊர், போர்டு இருந்ததா, போலீஸ் அந்தப் பக்கம் வருமா என்று துருவி எடுத்துவிட்டுத்தான் விடுவார்.

மரக்காணம் உப்பளத்தில் அவர் லோடு மேஸ்திரி. ஐம்பதைத் தாண்டியும் மூட்டைக்குத் தோள் கொடுக்கிறவர். பீடியைக்கூடத் தொட்டதில்லை. லோடு ஆட்களில் எவன் மேலாவது கஞ்சா வாடை அடித்தால் அன்றைக்கு அவனுக்கு வேலை கிடையாது. எந்தச் சமாதானமும் எடுபடாது. அப்பேர்ப்பட்ட மனிதர்தான் சுனாமிக்கு அடுத்து வந்த மாசி மாதத்திலிருந்து, நோயாளிக்குக் கஞ்சாவை மருந்தாகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

அவர் மனைவி சூர்யகலாவுக்கு வயிற்றில் புற்று. புதுச்சேரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே தங்குவதில்லை. சில தேசங்களில் இந்த மாதிரி வாந்திக்கு டாக்டரே கஞ்சாவை எழுதிக் கொடுக்கிறார், இங்கே சட்டம் விடாது என்று ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மேஸ்திரி மானத்தை விட்டார். கஞ்சா வாடைக்காகத் தாம் விரட்டியடித்த ஆளிடமே போய்க் கை நீட்டி வாங்கிவந்து பாலில் கலந்து கொடுத்தார். அன்றைக்கு சூர்யகலா ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள், விடியும்வரை தூங்கினாள். எழுந்ததும் அவளுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

"திருட்டு மருந்து எனக்கு வேணாம்," என்றாள். "உன்னப் போலீஸ் புடிச்சிக்கினு போச்சின்னா என்ன யாரு தூக்கி உக்கார வைப்பாங்க? டாக்டரு சீட்டு எழுதட்டும், குடிக்கறேன்." அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். அவளுக்கு நாள் அதிகமில்லை என்பது டாக்டர் சொல்லாமலே அவருக்குத் தெரியும். அந்தப் பயம்தான் அவரை விரட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளியனூர், கோட்டக்குப்பம் என்று கிளம்பிவிடுவார். மீனவக் குப்பங்களுக்குப் போகிற சுனாமி நிவாரண ஜீப்பையும் மறித்து நிறுத்துவார். "எனக்கு போட்டும் வேணாம், வலையும் வேணாம் சார். டாக்டரு சீட்டு எழுதினா மெடிக்கல்ல கெடைக்கணும், அவ்ளோதான்." போதைப் பொருளாச்சே என்று யாராவது இழுத்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "பிராந்திக்கி கவர்மெண்டே கடை தொறந்து வச்சிருக்குது. வாந்தி எடுக்கறவளுக்கு ஒரு சிட்டிகை குடுத்தா ஊரு கெட்டுப் போயிடுமா?"

கிராமசபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார் என்றதும் லோடு ஆட்களுக்கு ஒரே குஷி. "மேஸ்திரி, நாங்கல்லாம் வந்து கை தூக்கறோம்!"

"டேய், ஒருத்தன் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. பேஷண்டுக்குத்தான்டா கேக்கறேன். உங்க கையப் பாத்தா எவன் நம்புவான்?"

வலிய வந்த ஆதரவை இப்படி அடித்துத் துரத்திய பிரசாரகர் இந்த ஜில்லாவில் இன்னொருவர் இருக்க மாட்டார்.

ஆகஸ்ட் பதினைந்து. கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கிராமசபை. ரோடு, தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்தபின் ஊராட்சித் தலைவர் ராஜாங்கம் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். "ஆதரவு இருந்தா எழுதி மேல அனுப்பறேன். இல்லன்னா இத்தோட உட்டுடணும், சரியா?" மேஸ்திரி தலையசைத்தார்.

"நோயாளிக்கி இத மருந்தா குடுக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது பாவம் பாவம் என்று உச்சுக்கொட்டியவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தட்சணாமூர்த்தி எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினார்.

"ஒருத்தருக்கு ஒரு கைதான் மேஸ்திரி."

அவர் வலது கையை ஆட்டினார். "இது என்னுது." இடது கையை ஆட்டினார். "இது வூட்ல படுத்துக்கினு இருக்கறவளோடது. அவளுக்கும் இந்த ஊர்லதான் தலைவரே ஓட்டு இருக்குது."

"வராதவங்க கை செல்லாது. ஒண்ண எறக்கு."

மேஸ்திரி கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு தம்முடைய கையை மெல்ல இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். சூர்யகலாவின் கை இறங்கவில்லை.